எழுதியவர் போன பிறகும் ஓடும் ஸ்கிரிப்டுகள்

“அக்கா, இந்த ஸ்கிரிப்டை ஓட்டலாமா?”

இரவுப் பணியில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ஸ்கிரிப்ட் என்பது, கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளை எழுதி வைத்த ஒரு கோப்பு. கேட்கிற நேரம் பெரும்பாலும் ராத்திரி ஒன்றரை, இரண்டு மணி. ஏதோ ஒரு சர்வரில் டிஸ்க் நிரம்பியிருக்கும். பொது ஃபோல்டரைத் திறந்தால் ‘டிஸ்க் கிளீன்’ என்ற பெயரில் ஐந்து ஸ்கிரிப்டுகள் கிடக்கும். ஒன்று வெறும் பெயர், இன்னொன்றில் ‘நியூ’, அடுத்ததில் ‘ஃபைனல்’, அதற்கும் அடுத்ததில் ‘ஃபைனல் 2’, கடைசியில் ‘இதைத்தான் யூஸ் பண்ணவும்’. ஐந்தையும் எழுதியவர்களில் ஒருவர்கூட அப்போது அந்த அலுவலகத்தில் இல்லை.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சர்வர் பராமரிப்புக் குழுவில் 2014இல் சேர்ந்தேன். விண்டோஸ் சர்வர்கள் நிறைய, லினக்ஸ் கொஞ்சம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில், அதனால் அவர்களுடைய பகல் எங்களுக்கு ராத்திரி. 2017 முதல் வேலையை விட்ட 2024 வரை, யாரும் சொல்லாமலேயே நான் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை ஒன்று உண்டு. குழுவின் பொது ஸ்கிரிப்டுகளைப் பார்த்துக்கொள்வது. ஸ்கிரிப்ட் எழுதுவதைப் பற்றி நிறையப் பேர் சொல்லித் தருகிறார்கள். எழுதி முடித்த ஸ்கிரிப்டுகளைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பயன்படுத்தும்போது என்னவெல்லாம் ஆகும் என்பதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அந்த அடிகளில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்தது எண்ணிப் பார்த்தது. மொத்தம் 212 கோப்புகள். விண்டோஸுக்கான பவர்ஷெல், விபிஸ்கிரிப்ட், பேட்ச் ஃபைல், லினக்ஸுக்கான ஷெல் ஸ்கிரிப்ட், பாதியில் நின்ற இரண்டு பைத்தான். இதில் எது உயிரோடு இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் போட்டுக் கேட்டேன். “எல்லாமே தேவைதான்” என்றார்கள். வீட்டில் பழைய சாமான்களைக் கழிக்கலாம் என்றால் வரும் அதே பதில்.

அதனால் கேட்பதை விட்டுவிட்டு வேறு வழி பார்த்தேன். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் ஒரே ஒரு வரி சேர்த்தேன். யார், எந்த மெஷினில், எத்தனை மணிக்கு ஓட்டினார்கள் என்பதைப் பொதுவான ஒரு கோப்பில் எழுதிவிட்டுப் போகும் வரி. தொண்ணூறு நாள் காத்திருந்து பார்த்தால், 212இல் ஓடியவை 47. மீதியை அழிக்கவில்லை. ‘பரண்’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து அதில் ஏற்றிவிட்டேன். குழுவில் பாதிப் பேர் தமிழ் தெரியாதவர்கள். அவர்களும் கொஞ்ச நாளில் “பரண்ல பாத்தியா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தொண்ணூறு நாள் என்பதில் ஒரு ஓட்டை இருந்தது. மார்ச் 31 முடிந்து ஏப்ரல் 1 காலையில் நிதிப் பிரிவிலிருந்து போன். வருடக் கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடுகிற ஸ்கிரிப்டைக் காணோம். நான் எண்ணியது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, அந்த மூன்று மாதத்தில் அது எப்படி ஓடியிருக்கும்? பரணில் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் இறக்கிக் கொடுத்தேன். அழித்திருந்தால் அன்றைக்கு என் கதி என்ன என்று யோசிக்கவே வேண்டாம். நீங்கள் இதைச் செய்வதானால் முழுதாக ஒரு நிதியாண்டு எண்ணுங்கள்.

இனி, நானே செய்த பெரிய தப்பு. 2019 ஏப்ரல்.

ஒரு அப்ளிகேஷன், அன்றன்று நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் கோப்பு ஒன்றைத் தினமும் எழுதும். கோப்பின் பெயரே தேதிதான், நாள்-மாதம்-வருடம் என்ற நம் ஊர் வரிசையில். முப்பது நாளுக்கு மேல் பழசானதை அழிக்க ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். கோப்பின் பெயரை எடுத்துத் தேதியாக மாற்று, முப்பது நாளுக்கு முந்தையது என்றால் நீக்கு. இருபது வரிகூட இல்லை. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு, ஏப்ரல் 5 இரவு முதல்முறையாக ஓடியது. மறுநாள் பார்த்தேன், சில கோப்புகள் போயிருந்தன. சரி, வேலை செய்கிறது என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

நான்கைந்து நாள் கழித்து வாடிக்கையாளர் ஒரு விசாரணைக்காக ஏப்ரல் 1 முதல் 3 வரைக்குமான லாக் கேட்டார். மூன்றுமே இல்லை. மார்ச் மாதக் கோப்புகளில் போயிருக்க வேண்டியவை பல அப்படியே உட்கார்ந்திருந்தன. ஒரு வாரம்கூட ஆகாதது போய்விட்டது, ஒரு மாதம் தாண்டியது இருக்கிறது.

காரணம் இது. பவர்ஷெல்லில் எழுத்துச் சரம் ஒன்றின் முன்னால் அடைப்புக்குறியில் வகைப்பெயர் போட்டுத் தேதியாக மாற்றினால், உங்கள் விண்டோஸில் இந்தியா, இங்கிலாந்து என்று என்ன அமைப்பு இருந்தாலும் அது கண்டுகொள்ளாது. எல்லா ஊருக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஒரு அமைப்பின்படிதான் வாசிக்கும், அதில் மாதம் முன்னால், நாள் பின்னால். ஆகவே 03-04-2019 என்ற என் ஏப்ரல் 3ஆம் தேதிக் கோப்பு, மார்ச் 4 ஆகிவிட்டது. முப்பது நாள் தாண்டியாயிற்று, நீக்கு. ஏப்ரல் 1 ஜனவரி 4 ஆனது, ஏப்ரல் 2 பிப்ரவரி 4 ஆனது. மார்ச் 5ஆம் தேதிக் கோப்போ மே 3 என்று இன்னும் பிறக்காத நாளாக வாசிக்கப்பட்டுத் தப்பித்துக்கொண்டது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. 13-03-2019 வந்தால் என்ன ஆகும்? பதின்மூன்றாவது மாதம் கிடையாது, பிழை வரும். வந்தது. ஆனால் இந்த வகைப் பிழையில் அந்த ஒரு வரி மட்டும்தான் நிற்கும், ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருக்கும். தேதியைப் போட்டு வைத்திருந்த பெட்டிக்குள், அதாவது மாறிக்குள், முந்தைய கோப்பின் தேதி அப்படியே தங்கிவிட்டது. அடுத்த வரி அந்த மிச்சத் தேதியை எடுத்து, நீக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது. அதாவது 13ஆம் தேதி முதலான கோப்புகளின் தலையெழுத்தை அதற்கு முன்னால் வந்த ஏதோ ஒரு கோப்பு எழுதிக்கொண்டிருந்தது. என் அதிர்ஷ்டம், அந்த மிச்சத் தேதி டிசம்பர் 3 ஆக இருந்தது, அதனால் எதுவும் போகவில்லை. அது ஒரு ஜனவரித் தேதியாக இருந்திருந்தால் மார்ச் 13இலிருந்து 31 வரை மொத்தமும் போயிருக்கும். சிவப்பு எழுத்தில் பத்தொன்பது பிழைச் செய்திகள் வந்திருக்கின்றன. டாஸ்க் ஷெட்யூலர் ஜன்னல் இல்லாமல் ஓட்டுவதால் எந்தக் கண்ணும் அதைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று பழக்கம் வந்தது. எந்தக் கோப்பின் பெயரிலும் வருடம்-மாதம்-நாள் என்ற வரிசை மட்டும்தான். 2019-04-03 என்று எழுதினால் குழப்பிக்கொள்ள வழியில்லை, பெயர் வரிசையும் தேதி வரிசையும் ஒன்றாகிவிடும். பிறர் கொடுக்கும் தேதியை மாற்ற வேண்டியிருந்தால் எந்த வடிவம் என்று வெளிப்படையாகச் சொல்லியே மாற்ற வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே, பிழை வந்தால் நின்றுவிடு என்ற அமைப்பைப் போட்டுவிட வேண்டும். பவர்ஷெல்லில் அது ‘எரர் ஆக்ஷன் ப்ரிஃபரன்ஸ்’ என்ற மாறிக்கு ‘ஸ்டாப்’ என்று கொடுப்பது, லினக்ஸின் பாஷ் ஷெல்லில் ‘செட்’ கட்டளையோடு ஈ, யூ என்ற ஆங்கில எழுத்து இரண்டையும் சேர்ப்பது. பாஷ் அமைப்பில் விதிவிலக்குகள் உண்டு, ‘இஃப்’ நிபந்தனைக்குள் ஓடுவது தோற்றாலும் நிற்காது. இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் காலையில் யாராவது திட்டுவார்கள், அவ்வளவுதான். தப்பான தகவலோடு முழுதாக ஓடி முடித்தால் திட்டு வாங்கவே ஒரு வாரம் ஆகும், அதற்குள் எல்லாம் போயிருக்கும்.

இன்னொன்றும் செய்தோம். எதையாவது அழிக்கும், நிறுத்தும், மாற்றும் ஸ்கிரிப்ட் எதுவாக இருந்தாலும், சும்மா ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்ட வேண்டும். உண்மையிலேயே செய்ய ஒரு சுவிட்ச் தனியாகக் கொடுக்க வேண்டும். பவர்ஷெல்லில் ‘வாட்இஃப்’ என்று இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதை ஓட்டுகிறவர் ஞாபகமாகப் போட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஞாபகத்தை நம்பி எதையும் விடக் கூடாது என்று நாங்கள் தலைகீழாக்கினோம். அந்த சுவிட்சுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, திருச்சிக்காரப் பெண் ஒருத்தி “நெஜமான்னு வையுங்கக்கா” என்றாள். ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்துவிட்டோம். பிற்பாடு தணிக்கைக்கு வந்த ஒருவர் இது எந்தத் தொழில்நுட்பச் சொல்லின் சுருக்கம் என்று கேட்டார். விளக்கினோம். சிரிக்காமல் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்தது ரோபோகாப்பி. விண்டோஸில் ஃபோல்டர்களை நகலெடுக்க இதைவிட நம்பகமான கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் வேலை முடிந்ததும் அது திருப்பித் தரும் எண் ஒரு தனி ரகம். எல்லா நிரல்களும் நல்லபடியாக முடிந்தால் 0, வேறு எது வந்தாலும் தோல்வி என்பதுதான் உலக வழக்கம். ரோபோகாப்பியில் 0 என்றால் நகலெடுக்க எதுவும் இருக்கவில்லை என்று அர்த்தம். 1 என்றால் கோப்புகளை நகலெடுத்தது, 2 என்றால் போய்ச் சேரும் இடத்தில் கூடுதலாக ஏதோ இருந்தது, 4 என்றால் சில பொருந்தவில்லை. இவை ஒன்றோடொன்று கூட்டி வரும். 8இலும் அதற்கு மேலும் வந்தால்தான் நிஜமான தோல்வி.

இது தெரியாத யாரோ, 0 தவிர எது வந்தாலும் எச்சரிக்கை மெயில் அனுப்பும்படி பேக்கப் ஸ்கிரிப்டை எழுதி வைத்திருந்தார். தினமும் ஏதாவது கோப்பு மாறும், தினமும் 1 வரும், தினமும் காலை ஆறு மணிக்கு ‘பேக்கப் தோல்வி’ என்று மெயில் வரும். மூன்று மாதம் பார்த்துவிட்டு எல்லோரும் அந்த மெயிலைத் தானாகவே வேறு ஃபோல்டருக்குத் தள்ளும்படி ரூல் போட்டுவிட்டார்கள். நானும் போட்டேன், ஒளிப்பானேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்ச் போட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தார்கள். தரவு இருந்த டிஸ்க் திரும்ப இணையவில்லை. அது ஒரு ஃபோல்டருக்குள் மவுண்ட் செய்யப்பட்ட டிஸ்க். டிஸ்க் வராவிட்டாலும் ஃபோல்டர் இருக்குமே, காலியாக. ரோபோகாப்பி ‘மிரர்’ முறையில் ஓடிக்கொண்டிருந்தது. மிரர் என்றால் இங்கே இருப்பது போலவே அங்கேயும், இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக் கூடாது. காலி ஃபோல்டரைப் பார்த்து, பேக்கப்பையும் அதே மாதிரி சுத்தமாகக் காலியாக்கியது. அன்றைய மெயிலில் வழக்கமான 1க்குப் பதிலாக 2 இருந்தது. யார் பார்த்தார்கள்?

மூல டிஸ்க் பத்திரமாக இருந்தது, மறுபடி இணைத்ததும் வந்துவிட்டது. பேக்கப்பை முதலிலிருந்து எடுக்கப் பதினான்கு மணி நேரம் ஆனது. இரண்டும் ஒரே வாரத்தில் போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இப்போது மிரர் வேலைகள் எல்லாவற்றிலும், மூல ஃபோல்டருக்குள் ஒரு அடையாளக் கோப்பு இருக்கும். அது இல்லை என்றால் ஸ்கிரிப்ட் ஒரு அடிகூட எடுத்து வைக்காது. வெறும் ஒரு ‘இஃப்’. அது முன்பே இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவில் சாப்பிட்டுவிட்டே வந்திருப்பேன்.

யாரும் வாசிக்காத மெயில், யாரும் எடுத்துப் பார்க்காத பேக்கப் இரண்டும் பெரிய இடங்களிலும் நடக்கிறதுதான். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபி மிஞ்சியது. பேக்கப் எடுக்கும் வேலை போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் பழைய பதிப்புக் கருவியைப் பயன்படுத்தியதால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, அந்தத் தோல்வியைச் சொல்லும் மெயில்களை மெயில் சர்வர் ஏற்றுக்கொள்ளாமல் தள்ளிவிட்டிருக்கிறது. கடைசியில் ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஒரு நகலிலிருந்து மீட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் நடந்த எல்லாவற்றையும், பேக்கப் தோற்ற கதை உட்பட, வெளிப்படையாக எழுதி வெளியிட்டதுதான். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரமே அதைப் படிக்கக் கொடுப்பேன். என் ஏப்ரல் கதையையும் சேர்த்துத்தான்.

எச்சரிக்கை மெயிலுக்கு நாங்கள் கண்ட மருந்து எளிமையானது. நல்லபடியாக முடிந்தால் சத்தம் போடாதே, தோற்றால் மட்டும் கூப்பிடு. ஆனால் ஸ்கிரிப்ட் ஓடவேயில்லை என்றால் யார் கூப்பிடுவது? அதற்கு ஒவ்வொரு ஸ்கிரிப்டும் நல்லபடியாக முடிந்ததும் ஒரு கோப்பில் நேரத்தைக் குறித்துவிட்டுப் போகும். வேறொரு மெஷினில் இருக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் காலையில் அந்த நேரங்களைப் பார்த்து, எது ஒரு நாளுக்கு மேல் குறிப்பு எழுதவில்லையோ அதைச் சொல்லும்.

தமிழ் சம்பந்தப்பட்ட ஒரு அடியையும் சொல்லிவிடுகிறேன், இதைத் தேடி வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். 2021இல் தமிழ்நாட்டிலேயே இருந்த ஒரு வாடிக்கையாளருக்குப் பணியாளர் அடையாள அட்டைக்கான பட்டியல் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும். டேட்டாபேஸில் தமிழ் அழகாக இருந்தது. திரையில் எடுத்துப் பார்த்தபோதும் ஓரளவு தெரிந்தது. எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக எழுதியதும் தமிழ்ப் பெயர் முழுக்கக் கேள்விக்குறி. முருகேசன் என்றால் ஒன்பது கேள்விக்குறி. வரிசை வரிசையாக எல்லோரும் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்பது போலவே இருந்தது.

விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இல் சிஎஸ்வி எழுதும் கட்டளை, நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி முறையில்தான் எழுதும். அதில் தமிழுக்கு இடமே கிடையாது, ஆகவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி. எல்லா மொழிக்கும் இடம் தரும் யூடிஎஃப்-8 என்று நாமே குறிப்பிட வேண்டும். பவர்ஷெல் 6இலிருந்து அதுவே இயல்பாகிவிட்டது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புதிய பதிப்பு கோப்பின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 என்று காட்டும் அடையாள பைட்டுகளை எழுதுவதில்லை. எக்செல்லில் அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, திரும்பத் திரும்ப. இணையத்தில் தமிழ் படிக்க ஆரம்பித்த காலத்திலிருந்து நம்மில் பலருக்குப் பழகிய முகம்தான். அப்போது அடையாள பைட்டுகளோடு எழுதச் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சாய்கோடு ‘ஏ’ வந்தால் பயப்பட வேண்டாம், தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, திறந்த விதம்தான் தப்பு. அந்த நிலையில் எக்செல்லில் சேமித்துவிடாதீர்கள், அவ்வளவுதான். கேள்விக்குறி வந்துவிட்டால் பெயர் போயேபோய்விட்டது, மூலத்திலிருந்து மறுபடி எடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று, ஸ்கிரிப்டுக்குள்ளேயே தமிழ் வாசகம் எழுதினால், 5.1 பதிப்பு அடையாள பைட்டுகள் இல்லாத கோப்பைப் பழைய விண்டோஸ் எழுத்துமுறையாக நினைத்து வாசிக்கும். “உங்க எடிட்டரில் நல்லாத்தானே தெரியுது, ஓட்டினா ஏன் இப்படி?” என்பதற்குப் பதில் இதுதான்.

பழைய விபிஸ்கிரிப்டுகளுக்கு வருகிறேன். 1996இல் வந்த மொழி. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் இதை இனி வளர்ப்பதில்லை, படிப்படியாக விண்டோஸிலிருந்து எடுத்துவிடப்போகிறோம் என்று அறிவித்தது. எங்கள் 47இல் ஒன்பது விபிஸ்கிரிப்ட். அறிவிப்பு வருவதற்கு முன்பே நாங்கள் மாற்ற ஆரம்பித்திருந்தோம். தொலைநோக்கு என்று நினைத்துவிடாதீர்கள், புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அந்த மொழி தெரியாது, அதனால்தான்.

முதல் இரண்டை வரிக்கு வரி பவர்ஷெல்லாக மாற்றினேன். படு மோசமாக வந்தது. பழைய மொழியின் தலைவலி எல்லாம் புது மொழியிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாவதில் புத்தி வந்தது. பழைய கோப்பை மூடிவைத்துவிட்டு, அதன் வெளியீட்டைப் பயன்படுத்துகிறவரிடம் போய் “உங்களுக்கு இதிலிருந்து என்ன வேணும்?” என்று கேட்டேன். அறுநூறு வரி ஸ்கிரிப்ட் தயாரித்த அறிக்கையில் அவர் பார்த்தது இரண்டே பத்தி. எந்த சர்வரில் எவ்வளவு இடம் இருக்கிறது, எது பத்து சதவீதத்துக்குக் கீழ். பதினோரு வரியில் முடிந்தது. மற்ற பக்கங்களை அவர் பல வருடமாக அச்செடுத்து ஃபைலில் கோத்துக்கொண்டிருந்தார், “அதுவும் வருதேன்னு” என்றார்.

பவர்ஷெல்லுக்குள்ளேயும் இரண்டு உலகம் இருக்கிறது. விண்டோஸில் பிறவியிலேயே இருப்பது 5.1, தனியாக நிறுவிக்கொள்வது 7. இரண்டும் ஒரே மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் வாழும். மெஷினின் நிலவரத்தைக் கேட்டு வாங்கும் பழைய டபிள்யூஎம்ஐ கட்டளைகள் 7இல் கிடையாது, அவற்றுக்குப் பதில் சிம் கட்டளைகள். ஸ்கிரிப்டுக்குக் குறைந்தது எந்தப் பதிப்பு வேண்டும் என்று முதல் வரியிலேயே ‘ரிக்வயர்ஸ்’ குறிப்பாகப் போட்டுவிட்டால், அதைவிடப் பழைய பதிப்பில் ஓடவே மறுத்துவிடும். 2020 ஏப்ரலில், பவர்ஷெல்லுக்கான மாட்யூல்களை (கூடுதல் கட்டளைத் தொகுப்புகளை) இறக்கும் இணையதளமான பவர்ஷெல் கேலரி, டிஎல்எஸ் என்ற இணைப்புப் பாதுகாப்பு முறையில் 1.2 பதிப்புக்குக் குறைந்த இணைப்புகளை ஏற்பதில்லை என்று நிறுத்தியது. ஊரடங்கு, எல்லோரும் வீட்டில், பழைய சர்வர்களில் மாட்யூல் எதுவும் இறங்கவில்லை. பிழைச் செய்தியோ தொகுப்பின் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சம்பந்தமில்லாமல் சொன்னது. வீட்டு இன்டர்நெட்டைத் திட்டியே ஒரு நாள் போனது.

லினக்ஸ் பக்கம் இரண்டே விஷயம். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது கிரான், அதன் அட்டவணையைத் திருத்தக் கட்டளையோடு ஆங்கில ‘ஈ’, மொத்தமாக அழிக்க ‘ஆர்’. கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசை, அழிக்கும்போது ஒரு வார்த்தை கேட்காது. அட்டவணையைத் தினமும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம், கிரான் வரியில் சதவீதக் குறி வந்தால் அது புது வரி என்று எடுத்துக்கொள்ளும். தேதியோடு கோப்பின் பெயர் வைக்கும் எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுவார்கள். குறிக்கு முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும், அல்லது வேலையை ஸ்கிரிப்டுக்குள் வைத்துக்கொண்டு கிரானில் அதன் பெயரை மட்டும் எழுத வேண்டும்.

பொது ஃபோல்டரை 2018லேயே, ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவிக்கு மாற்றினோம். மாற்றிய முதல் வாரம் ஒரு ஸ்கிரிப்டுக்குள் சர்வீஸ் அக்கவுண்டின் பாஸ்வேர்டு அப்பட்டமாக இருப்பதைப் பார்த்தோம். அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி சேமித்தார் ஒருவர், பிரச்சினை தீர்ந்தது என்று. கிட் பழசை மறப்பதே இல்லை, அதற்காகத்தானே அதை வைத்திருக்கிறோம். வரியை எடுப்பது பிறகு, முதலில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

இத்தனை சொல்லியும், உண்மையில் கஷ்டமாக இருந்தது மனிதர்கள் விஷயம். நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் தங்கள் ஸ்கிரிப்டைப் பொதுவில் போடவே மாட்டார்கள். சொந்த லேப்டாப்பில் வைத்துக்கொண்டு, கேட்டால் அனுப்புவார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். ஒருநாள் டீக்கடையில் ஒரு பையன் சொன்னான்: “அக்கா, நான் எழுதுறது கேவலமா இருக்கும்க்கா. எனக்கு ஓடினாப் போதும். எல்லாரும் பாப்பாங்கன்னா கை வரல.” அதைக் கேட்ட பிறகுதான் என்னுடைய தப்பு புரிந்தது. புதிதாக யாராவது ஸ்கிரிப்ட் போட்டால் நான் உட்கார்ந்து இருபது குறை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். மாறியின் பெயர் சரியில்லை, இடைவெளி சரியில்லை, இப்படி. அதை நிறுத்தினேன். மூன்றே கேள்வி. இது எதையாவது அழிக்குமா? தோற்றால் நமக்குத் தெரியுமா? இரண்டாவது தடவை ஓட்டினால் என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் உள்ளே வரலாம், அழகெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த வருடம் அந்தப் பையன் மட்டும் ஆறு ஸ்கிரிப்ட் கொடுத்தான். கேவலமாக எல்லாம் இல்லை.

ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, பொறுப்பாளர் என்று ஒரு பெயர் போட்டோம். எழுதியவர் பெயர் கிட்டில் இருக்கிறது, அது சரித்திரம். பொறுப்பாளர் என்பவர் இன்றைக்கு போன் செய்தால் எடுப்பவர். யாராவது வேலையை விட்டால், கடைசி வாரத்தில் தன் பெயர் இருக்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் இன்னொருவரைக் கண்டுபிடித்து, அவரை உட்கார வைத்து ஒருமுறை ஓட்ட வைக்க வேண்டும். தான் ஓட்டிக் காட்டினால் போதாது. ஆள் கிடைக்காத ஸ்கிரிப்ட் பரணுக்குப் போகும். இதை நான் ஏழு வருடம் மற்றவர்களிடம் கறாராக வாங்கினேன்.

என் முறை வந்தபோது 19 ஸ்கிரிப்டுகளில் என் பெயர் இருந்தது. பதினெட்டை ஒப்படைத்தேன். ஒன்றை, அந்த மார்ச் 31 ஸ்கிரிப்டை, பரணில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து ஏப்ரல் முதல் வாரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன். குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்.

“அக்கா, என்னை உங்களுக்குத் தெரியாது. வருஷக் கணக்கு ஸ்கிரிப்ட்ல பொறுப்பாளர்னு உங்க பேரு, நம்பர் இருந்துச்சு. ஏழாம் பதிப்புக்கு மாத்தி ஓட்டிட்டேன், நிதிப் பிரிவுல சரின்னுட்டாங்க. உங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டுக்கவா?”

“தாராளமாப் போடும்மா.”

“தேதி வாசிக்கிற இடத்தை மட்டும் மாத்தி எழுதியிருக்கேன்க்கா. அதுல மாசம் முன்னாடி வருது.”

2019இல் நான் எல்லா ஸ்கிரிப்டிலும் தேடித் தேடித் திருத்திய இடம். அப்போது பரணில் தேடவில்லை.